ஊசியா காரணம்? வீட்டுக்குள் வந்த சந்தேகத்தைச் சரிபார்க்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பாலர் பள்ளி ஆசிரியையாக வேலை செய்யும் எனக்கு, பிள்ளைகளைப் பதிய வரும் தாய்மார்களிடமிருந்து ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் (பேச்சையும் மற்றவரோடு பழகுவதையும் பாதிக்கும் வளர்ச்சி வேறுபாடு) என்று அறிந்தவர்கள், இடுப்பில் இருக்கும் சின்னதற்குத் தட்டம்மை ஊசி போடலாமா வேண்டாமா என்று, பக்கத்தில் நிற்பவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். 2020ஆம் ஆண்டு என் சொந்தத் தங்கையும் இதையே கேட்டாள். அவளோடு நான்கு இரவுகள் உட்கார்ந்து நாங்கள் செய்ததையும், பிறகு மற்றக் குடும்பங்களோடு செய்தபோது திருத்திக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்று காதுக்கு வந்த ஒரு பேச்சை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, அதன் பிறகு கிளினிக்கில் எதைக் கேட்பது என்பதைச் சொல்லலாம்.

பேச்சை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

"ஊசியால் ஆட்டிசம் வருகிறது" என்பது ஒரே பேச்சைப் போலத் தோன்றினாலும் அதற்குள் நான்கு தனித்தனிப் பேச்சுகள் இருக்கின்றன. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசிதான் காரணம் என்பது ஒன்று. ஊசி மருந்து கெடாமலிருக்கச் சேர்த்த பாதரசக் கலவை காரணம் என்பது இன்னொன்று. சின்ன உடம்பில் அளவுக்கு மீறி ஊசி ஏற்றுகிறார்கள் என்பது மூன்றாவது. அலுமினியம் என்பது நான்காவது. ஒன்றுக்கு விடை கிடைத்ததும் பேச்சு அடுத்ததற்குத் தாவிவிடும் என்பதால், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எந்த ஊசி, எத்தனையாவது மாதம், அதன் பின் எத்தனை நாளில் என்ன நடந்தது என்று முதலில் எழுதி வையுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த குரல் பதிவாக இருந்தால், பேசுகிறவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த ஊசி என்ற நான்கையும் எழுதப் பாருங்கள். ஒன்றுக்குக்கூட விடை இல்லாத பதிவை மேலே ஆராய்வதற்கு எதுவும் இல்லை.

என் தங்கை எழுதியது இது: "ஒரு வயதில் எம்.எம்.ஆர். போட்டோம். அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது." இந்த இடத்தில் குறுக்கே பேசி மறுக்காதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினர், பெரும்பாலும் 15க்கும் 24க்கும் இடைப்பட்ட மாதங்களில், சொல்லிக்கொண்டிருந்த சொற்களை இழக்கிறார்கள். அந்தத் தாய் கண்ணால் கண்டது உண்மை. ஏன் அப்படி நடந்தது என்பதில்தான் கேள்வி இருக்கிறது, அதை அடுத்த படிக்கு வைத்துக்கொள்ளலாம்.

உடல்நலப் புத்தகமும் பழைய கைப்பேசியும்

அரசாங்க கிளினிக்கில் கொடுத்த பிள்ளையின் உடல்நலப் புத்தகத்தை வெளியே எடுங்கள். ஊசிப் பக்கத்தில் மிஸ்ஸி (தாதி) எழுதிய தேதிகளை வரிசையாக நோட்டில் இறக்குங்கள். மனத்தில் இருக்கும் தேதியை நம்ப வேண்டாம். துக்கம் வந்தால் நாட்கள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும். பிறகு பழைய கைப்பேசிகளில் இருக்கும் காணொளிகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள்.

என் தங்கை மகன் பிறந்தது 2013இல். அப்போது நாட்டில் எம்.எம்.ஆர். முதல் ஊசியை 12ஆம் மாதத்தில் போட்டார்கள். அவனுடைய முதல் பிறந்தநாள் காணொளியைத் தேடி எடுத்தோம். கேக்கின் மேல் ஒற்றை மெழுகுவத்தி, பின்னால் லயத்து வீட்டின் பச்சைப் பலகைச் சுவர், கைதட்டிக்கொண்டு அவள் மாமியார். பிள்ளையின் பெயரை ஆள் மாற்றி ஆள் கூப்பிடுகிறோம். என் குரலும் அதில் கேட்கிறது. நான் மட்டும் ஐந்து தடவை கூப்பிட்டிருக்கிறேன். அவன் ஒரு தடவையும் திரும்பவில்லை. பலூன் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதும் மறுபடி சுற்றுவதுமாக இருந்தான். கூட்டத்தைப் பார்த்து மிரண்டிருக்கிறான் என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நினைத்தோம். புத்தகத்தைப் பார்த்தால், எம்.எம்.ஆர். போட்டது அந்தப் பிறந்தநாளுக்கு 11 நாள் கழித்து.

தங்கை அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்போ நான்தான் கவனிக்காம விட்டுட்டேனா அக்கா?" என்று கேட்டாள். இதை எதிர்பார்த்து நீங்கள் தயாராக இருக்க வேண்டும். ஊசியின் மேல் இருந்த பழி அப்படியே தாயின் தலையில் இறங்குவதற்குத்தான் இந்தப் படியில் வாய்ப்பு அதிகம். 1994இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள், பின்னால் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட 11 பிள்ளைகளின் முதல் பிறந்தநாள் காணொளிகளையும், மற்ற 11 பிள்ளைகளின் காணொளிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். முகத்தைப் பார்ப்பது, விரலால் சுட்டுவது, பொருளை எடுத்துக் காட்டுவது, பெயர் கேட்டுத் திரும்புவது ஆகிய நான்கிலும் வேறுபாடு ஏற்கெனவே இருந்தது. பயிற்சி பெற்றவர்கள் ஓட்டி நிறுத்தி எண்ணிக் கண்டுபிடித்ததை, முதல் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒருத்தி கேக் வெட்டும் நேரத்தில் கண்டுபிடித்திருக்க முடியாது. அதைத் தங்கையிடம் நான் அப்படியே சொன்னேன். அந்தக் குற்ற உணர்ச்சி இறங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

எல்லா வீட்டிலும் இப்படித் தெளிவான காணொளி அகப்படாது. இப்போது எம்.எம்.ஆர். 9ஆம் மாதத்திலும் 12ஆம் மாதத்திலும் போடப்படுவதால், 9 மாதத்துக்கு முந்தைய காணொளியில் அறிகுறி தேடுவது கடினம். அகப்பட்டாலும், ஒரு பிள்ளையின் காணொளி அந்தப் பிள்ளையின் கதையைத்தான் சொல்லும். ஊரில் உள்ள மற்றப் பிள்ளைகளைப் பற்றி அது எதையும் நிறுவாது. இந்தப் படியின் பயன், நாம் நினைத்த வரிசையும் நடந்த வரிசையும் ஒன்றுதானா என்று பார்ப்பது.

இன்னொன்றையும் நோட்டில் எழுதிப் பாருங்கள். நம் நாட்டு அட்டவணைப்படி பிறந்த அன்று, 2, 3, 4, 5, 6, 9, 12, 15, 18 ஆகிய மாதங்களில் ஊசி வருகிறது. முதல் பல், முதல் அடி, முதல் சொல், முதல் வலிப்பு என்று எதை எடுத்தாலும், ஏதாவது ஒரு ஊசிக்குச் சில வாரங்களுக்குள்தான் விழும். பின்னால் வந்தது என்பதாலேயே அதனால் வந்தது என்று ஆகாது என்பதை, இந்த வரிசையைத் தன் கையால் எழுதிய தாய்க்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேச்சு எங்கே பிறந்தது என்று தேடுங்கள்

எம்.எம்.ஆர். பற்றிய அச்சம் 1998 பிப்ரவரியில் லண்டனில் தொடங்கியது. ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சேர்ந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் 12 சக ஆய்வாளர்களும் 'தி லான்செட்' மருத்துவ இதழில் 12 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் 8 பிள்ளைகளின் நடத்தை மாற்றத்தைப் பெற்றோரோ மருத்துவரோ ஊசியோடு தொடர்புபடுத்தியதாக அது கூறியது. ஊசி போடாத பிள்ளைகளோடு ஒப்பீடு எதுவும் அதில் இல்லை. தொடர்பை நிறுவவில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் மூன்றையும் சேர்த்துப் போடாமல் தனித்தனி ஊசியாகப் போடலாம் என்று வேக்ஃபீல்ட் செய்தியாளர் கூட்டத்தில் சொன்னது கட்டுரையை முந்திக்கொண்டு ஊரெங்கும் பரவியது.

பிரயன் டியர் என்ற செய்தியாளர் பல ஆண்டுகள் தோண்டி எடுத்தவை இவை: ஊசி நிறுவனங்கள் மேல் வழக்குத் தொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞரிடமிருந்து வேக்ஃபீல்ட் பணம் பெற்றிருந்தார், மொத்தம் 4 லட்சம் பவுண்டுக்கு மேல், 1997இலேயே தனித் தட்டம்மை ஊசிக்கு அவர் காப்புரிமை கோரியிருந்தார், முன்பு நன்றாக இருந்தவர்கள் என்று கட்டுரை சொன்ன 12 பிள்ளைகளில் 5 பேருக்கு, ஊசிக்கு முன்பே வளர்ச்சி பற்றிய கவலை மருத்துவக் குறிப்பில் பதிவாகியிருந்தது. 2004இல் கட்டுரையாளர்களில் 10 பேர், ஊசியோடு தொடர்பு இருக்கலாம் என்ற விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். 2010 பிப்ரவரியில் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் மருத்துவ மன்றம் வேக்ஃபீல்டின் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கியது. தங்கையின் நோட்டில் இந்த வரிகளைவிட ஐந்து பிள்ளைகளின் குறிப்புத்தான் அடிக்கோடு போடப்பட்டிருக்கிறது. அவளுடைய காணொளியும் அதைத்தானே சொன்னது.

ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டிருக்கிறார்களா?

ஒரு வீட்டின் நோட்டால் விடை சொல்ல முடியாத கேள்விக்கு, ஒரு நாட்டின் பதிவேடு விடை சொல்லும். எந்த ஆய்வைப் பார்த்தாலும் ஒரே ஒன்றைத் தேடுங்கள்: ஊசி போடாத பிள்ளைகளும் கணக்கில் இருக்கிறார்களா?

டென்மார்க்கில் ஒவ்வொரு பிள்ளையின் ஊசியும் நோயும் ஒரே அடையாள எண்ணில் பதிவாவதால் அங்கே இது முடிகிறது. 2019இல் வெளிவந்த ஆய்வு, 1999 முதல் 2010 வரை பிறந்த 657,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. அவர்களில் 6,517 பேருக்கு ஆட்டிசம் இருப்பது தெரிந்தது. எம்.எம்.ஆர். போட்டவர்களிடம் அது போடாதவர்களைவிட அதிகமாக இல்லை. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்த பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் இல்லை. என் தங்கையின் கேள்வி சரியாக இதுதான்: மூத்தவனுக்கு இருக்கும்போது இளையவளுக்குப் போடலாமா? 2015இல் அமெரிக்காவில், உடன்பிறந்த மூத்தவர் உள்ள 95,727 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வும் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு இதே விடைக்கு வந்தது.

ஜப்பானில் நடந்ததை நான் பெற்றோரிடம் தவறாமல் சொல்வேன். அங்கே 1993இல் எம்.எம்.ஆர். ஊசியை முழுவதும் நிறுத்தினார்கள். ஊசிதான் காரணமென்றால் அதன் பிறகு பிறந்தவர்களிடம் ஆட்டிசம் குறைந்திருக்க வேண்டும். யோக்கோஹாமா நகரில் கணக்கெடுத்தபோது அது தொடர்ந்து ஏறிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஊசியை ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது: அதில் இருந்த பொன்னுக்கு வீங்கிக் கிருமியின் ஒரு வகை, சில பிள்ளைகளுக்கு மூளை உறை அழற்சியை உண்டாக்கியது. ஊசியால் உண்மையிலேயே தீங்கு வந்தால் அது கணக்கில் தெரியும், நிறுத்தவும் செய்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மற்ற மூன்று பேச்சுகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எம்.எம்.ஆர். வலுவிழக்கச் செய்த உயிர்க்கிருமி ஊசி என்பதால் அதில் பாதரசக் கலவை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மற்ற ஊசிகளிலிருந்து அதை டென்மார்க் 1992இல் எடுத்துவிட்டது, ஆட்டிசம் குறையவில்லை. ஊசிகளின் எண்ணிக்கை பற்றி 2013இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 256 பிள்ளைகளையும் இல்லாத 752 பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது வேறுபாடு தெரியவில்லை. அலுமினியம் பற்றி 2025இல் டென்மார்க்கில் 12 லட்சம் பிள்ளைகளை வைத்து ஆய்வு வந்தது. அதிலும் தொடர்பு இல்லை.

2025 நவம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையப் பக்கம், ஊசியால் ஆட்டிசம் வராது என்ற பழைய கூற்றை ஆதாரத்தின் மேல் நிற்காதது என்று மாற்றி எழுதியது. இந்தச் செய்தி எங்கள் ஊர்ப் புலனக் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தது. இப்படி ஒன்று வந்தால் கலங்காமல் அதே கேள்வியைக் கேளுங்கள்: ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு யாராவது புதிதாக எண்ணினார்களா? மேலே சொன்ன எண்கள் அந்தப் பக்கம் மாறியதால் மாறவில்லை. அடுத்த மாதமே உலகச் சுகாதார நிறுவனத்தின் ஊசிப் பாதுகாப்புக் குழு, தொடர்பில்லை என்ற தன் முடிவை மீண்டும் உறுதிப்படுத்தியது.

ஊசியின் உண்மையான பக்க விளைவுகளையும் எழுதுங்கள்

ஊசியால் ஒன்றுமே வராது என்று சொல்கிறவரை எந்தத் தாயும் நம்பமாட்டாள், நம்பவும் கூடாது. எம்.எம்.ஆர். போட்ட 5ஆம் நாளுக்கும் 12ஆம் நாளுக்கும் இடையில் காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் வரலாம். ஏறத்தாழ 3,000 முதல் 4,000 ஊசிக்கு ஒன்று என்ற கணக்கில் காய்ச்சல் வலிப்பு வரலாம். அதைப் பார்க்கும் தாய்க்கு உயிரே போய்விடும் என்றாலும், அது நிரந்தரக் கோளாறு எதையும் விட்டுச் செல்வதில்லை. மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை உண்டு. அதற்காகத்தான் ஊசி போட்ட பிறகு கிளினிக்கிலேயே அரை மணி நேரம் இருக்கச் சொல்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போகாதீர்கள்.

எதிர்ப் பக்கத்தில் நோயை எழுதுங்கள். தட்டம்மை வந்தவர்களில் 1,000 பேருக்கு ஒருவர் வீதம் மூளை அழற்சி வருகிறது. அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, வாசலில் மஞ்சள் நீர் வைத்து, மாரியம்மனை வேண்டிக்கொண்ட தலைமுறை எங்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. என் தங்கையின் மாமியார், ஆயாக் கொட்டகையில் (தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) தன்னோடு விளையாடிய இரண்டு பிள்ளைகளை அம்மை கொண்டுபோனதைச் சொன்னபோதுதான், அதுவரை ஊசி வேண்டாம் என்றிருந்த வீட்டு ஆண்கள் பேசாமல் இருந்தார்கள். 2019இல் கிளந்தானின் கோலா கோ ஓராங் அஸ்லி கிராமத்தில் தட்டம்மை உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் சபாவில் 27 ஆண்டுக்குப் பிறகு முதல் போலியோ நோயாளியாக மூன்று மாதக் குழந்தை ஒன்று கண்டறியப்பட்டது. ரூபெல்லாவையும் மறக்க வேண்டாம். கர்ப்பிணிக்கு அது வந்தால், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆட்டிசம் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது என்பது 1970களிலேயே கண்டறியப்பட்டது. அந்தக் காரணத்தைத் தடுப்பது எம்.எம்.ஆர். ஊசிதான்.

கிளினிக்கிற்குப் போகும்போது

கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என் தங்கை முதலில் போன ஓர் இடத்தில், வரிசை நீளமாக இருந்த நேரத்தில், "இதெல்லாம் நம்பாதீங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். அவளுடைய சந்தேகம் ஆறு மாதம் கூடுதலாக வளர்ந்ததற்கு அந்த ஒரு வரியும் காரணம். கூட்டம் குறைந்த நாள் எது என்று தொலைபேசியில் கேட்டுப் போனால், உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். முன்பு வலிப்பு வந்ததா, எதற்காவது ஒவ்வாமை உண்டா, இப்போது காய்ச்சல் இருக்கிறதா, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கிறதா என்பவற்றை நீங்களே முதலில் சொல்லுங்கள். தேதி தவறிப்போயிருந்தால் வெட்கப்பட வேண்டாம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள்.

பிள்ளையின் வளர்ச்சியில் கவலை இருந்தால் அதை ஊசிக் கேள்வியோடு கலக்காமல், தனியாக, அன்றைக்கே கேளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரலால் சுட்டிக் காட்டுவதில்லை, இருந்த சொற்கள் போய்விட்டன என்று கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். 18ஆம் மாதத்தில், ஆட்டிசத்தின் அறிகுறிகளைத் தேடும் எம்-சாட் என்ற கேள்வித்தாள் உண்டு. மிஸ்ஸி கொடுக்க மறந்தால் கேட்டு வாங்குங்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம், பேச்சுப் பயிற்சி, சமூகநலத் துறையின் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை, பிடிகே (சமூக மறுவாழ்வு) நிலையம் என்று வழி நீளும், ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பும் உண்டு. என் தங்கை ஊசியை நொந்துகொண்டு கழித்த இரண்டு ஆண்டுகளில் அவன் பேச்சுப் பயிற்சி வரிசையில் நின்றிருக்கலாம். எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

அந்த இரண்டு ஆண்டில் உடம்பிலிருந்து உலோகத்தை இழுத்து எடுக்கிறோம் என்று சொன்னவரிடம் 600 வெள்ளிக்கு (ரிங்கிட்) பொடி வாங்கினாள். பொடி என்பதால் பணத்தோடு போயிற்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2005இல் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், உலோகம் நீக்கும் மருந்தை நரம்பில் ஏற்றியபோது இறந்துபோனான். யாராவது நச்சு நீக்கம் என்று தொடங்கினால், மருந்தின் பெயரைத் தாளில் எழுதி வாங்கி, கிளினிக் டாக்டரிடம் காட்டாமல் பிள்ளைக்கு ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள்.

இளையவளுக்கு எம்.எம்.ஆர். போட்ட அன்று நானும் கூடப் போனேன். தங்கை தன் தாளில் இருந்த ஏழு கேள்விகளையும் கேட்டாள். அன்றைய மிஸ்ஸி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அந்தத் தாளை மடித்து உடல்நலப் புத்தகத்தின் ஊசிப் பக்கத்திலேயே வைத்துக் கொடுத்தார். மூத்தவன் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தங்கையின் தொட்டில் துணி நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். ஒன்பதாம் நாள் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. நோட்டில் எழுதிவைத்திருந்ததால், வீட்டில் யாரும் பதறவில்லை.